அனந்தநாராயணன் நடத்திய மறதி ஆட்டம்

மனிதர்களில் மூளையுள்ளவன் தான் ஒருவன்தான் என்று அனந்தநாராயணன் நம்பினான். அதை அவன் குற்றமாக மட்டும் சொல்லிவிட முடியாது, அவனை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் இரண்டு அறையும் பால்கனியுமாக ஒரு வீடு, பாலக்காட்டுப் பூர்வீகம், பள்ளிக்கூடத்தில் கணக்கில் எப்போதும் முதல் மார்க், அம்மா பாகீரதிக்கு ஒரே பிள்ளை. போதாதா? முப்பத்து மூன்று வயதில் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சீனியர் அசிஸ்டெண்ட். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று பெண்ணைக் கேட்டு, அவள் சொன்ன பதிலுக்கு அவள் அப்பாவின் முன்னாலேயே சிரித்துவிட்டு வந்தவன் அவன். அந்தப் பெண் பிழைத்தாள்.

இந்தப் பெரிய மூளைக்கு ஆபீஸில் என்ன மரியாதை என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. அவனுக்குப் பிறகு சேர்ந்த இரண்டு பேர் அவனைத் தாண்டி ஆபீசராகி, கண்ணாடித் தடுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இவன் அவர்களைப் பார்த்து உதட்டைச் சுழித்துக்கொண்டு, செத்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலோ அம்மா ராஜ்ஜியம். எந்தச் சட்டையைப் போடுவது, எந்த ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. ஆக, திங்கள் முதல் சனி வரை அவன் பேச்சை ஈ காக்கைகூடக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமைதான் அவன் மனிதன்.

ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டு முன்னறையில் ஓர் ஆட்டம் நடக்கும். அமெரிக்காவில் இருந்த அத்தை பிள்ளை லீவுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி அது. உள்ளே ஒரு விதிப் புத்தகமும், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று விநோதமான பகடைகளும் இருந்தன. காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு மனிதராக இருப்பார்கள். எதிரே இடிந்த கோபுரம், உள்ளே வெளிச்சம் தெரிகிறது, என்ன செய்கிறாய் என்று அவன் கேட்பான். இவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். செய்தது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். கோபுரத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கதை சொல்கிறவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுக்கு இவர்கள் வைத்திருந்த பெயர் ரெஃப்ரீ. அனந்தநாராயணனைத் தவிர வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. புத்தகத்தை ஒரு நாள் கொடு, புரட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று யாராவது கேட்டால், உனக்குப் புரியாது என்பான்.

ஆட வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் அவன் மதித்ததே இல்லை. வெங்கடராமன் அடுத்த கட்டடத்துக்காரன், பாங்க் ஆபீசர், கல்லூரித் தோழன். குகைக்குள் நெருப்பே எரிந்தாலும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே என்பான். கதைக்குள் சத்திரத்தில் தங்கினால் படுக்கை சுத்தமாக இருக்குமா என்று கேட்பான். ஷ்யாமளா அவன் ஆபீஸிலேயே ஸ்டெனோ. செம்பூரிலிருந்து குர்லாவில் வண்டி மாறி வருவாள். கொள்ளைக்காரனைப் பிடித்துக் கட்டிப்போட்டால், இவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கா என்று விசாரிப்பாள். சிராஜும் கல்லூரித் தோழன்தான். பி.காம் முடித்ததும் தாராவியில் அப்பாவின் தோல் பட்டறையை எடுத்து நடத்துகிறவன். திருநெல்வேலிப் பேச்சும் பம்பாய் ஹிந்தியும் கலந்து உரக்கப் பேசுவான், அதைவிட உரக்கச் சிரிப்பான். ராட்சஸன் கதாயுதத்தோடு எதிரில் நின்றால் அவனிடம் பேரம் பேசுவான். ஒரு முறை அப்படிப் பேசியே ராட்சஸனைக் காவலுக்குச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டான். பகடையும் அவனுக்குச் சாதகமாக விழுந்து தொலைத்தது. அனந்தநாராயணன் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். தன் ராட்சஸனை இப்படிக் கேவலப்படுத்திவிட்டானே என்று.

இந்த அற்பங்களுக்கா நான் கதை சொல்கிறேன் என்று அவன் ஒவ்வொரு வாரமும் நினைப்பான். நினைத்துக்கொண்டே அடுத்த ஞாயிறுக்கு மேஜையைத் துடைத்து வைப்பான். அவர்கள் வராவிட்டால் அவனுக்கு வேறு நாதி கிடையாது. அது அவனுக்கும் தெரியும், தெரியாதது போல இருந்தான்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. 1986-இல் மழை முடிந்த சமயம், ஒரு நாள் ஷ்யாமளா பென்சிலைக் கீழே வைத்தாள். நாங்கள் எந்தக் கதவைத் திறந்தாலும் நீங்கள் நினைத்த அறைக்குள்தான் போய் விழுகிறோம், எங்களைப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கிறீர்களே தவிர ஒன்றும் மாறுவதில்லை, இதற்கு நீங்களே உட்கார்ந்து கதையைப் படித்துவிடலாமே என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அலுத்துப்போய்க் கேட்டாள். தனக்கு இருக்கும் ஒரே லீவு நாள் ஞாயிறு, அதில் பாதி ரயிலிலேயே போகிறது, அடுத்த கதையும் இப்படியே இருந்தால் இனிமேல் வரமாட்டேன் என்றாள். சிராஜ் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் போனால் தானும் அப்படியே என்றான். வெங்கடராமன் பொறுத்துப் பார்ப்போம் என்றான்.

அனந்தநாராயணன் பகடைகளை நிதானமாகப் பெட்டிக்குள் அடுக்கினான். வெளியே எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு டைபிஸ்ட் பெண் வந்து தனக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுக்கிறாளா என்று அன்று முழுக்கப் புகைந்தான். ஆனால் பயந்துவிட்டான், அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? சான்றிதழ்களும் அம்மாவும்தான்.

அந்தப் பயத்தில்தான் அவனுக்கு மறதி ஆட்டம் தோன்றியது. நல்ல யோசனைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த முறை யாருக்கும் தான் யாரென்று தெரியாது. மூன்று பேரும் ஒரு பாழடைந்த கோட்டையின் அடியில், தூண்கள் நிறைந்த ஒரு நீர்த்தொட்டி மண்டபத்தில் கண் விழிக்கிறார்கள். பெயர் ஞாபகமில்லை, ஊர் ஞாபகமில்லை. பக்கத்தில் கிடப்பவன் நண்பனா எதிரியா என்பதுகூடத் தெரியாது. கையிலும் உடம்பிலும் இருக்கிற அடையாளங்களை வைத்துக்கொண்டு, தான் யாரென்று தானே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் பழைய வாழ்க்கையையும் அவன் மனசுக்குள்ளேயே கட்டினான். ஒரு வரி எழுதி வைக்கவில்லை. கேட்டபோது நெற்றியைத் தட்டிக் காட்டி, எல்லாம் இங்கே பத்திரமா இருக்கு என்றான். நான் யார், நான் யார் என்று மூன்று முட்டாள்களும் தன்னைக் கேட்டுக் கெஞ்சப் போகிறார்கள் என்பதில் அவனுக்கு அப்படி ஓர் இன்பம். ரயிலில் நின்றுகொண்டு போகும்போது தனக்குத் தானே சிரித்துக்கொள்வான். பக்கத்தில் நிற்கிறவன் நகர்ந்து நிற்பான்.

ஆட்டம் பிடித்துக்கொண்டது. அவன் கெட்டிக்காரத்தனத்தால் என்று அவன் நினைத்தான். அப்படியில்லை. தங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களாக இருப்பது அவர்களுக்குச் சுகமாக இருந்தது, அவ்வளவுதான். வெங்கடராமனுக்குப் பதவியும் வீட்டுக் கடனும் மறந்துபோயின. கதைக்குள் இருட்டில் முதல் ஆளாக முன்னால் நடந்தான். அவன் விரலில் முத்திரை தேய்ந்த மோதிரம் ஒன்று இருந்தது. ஷ்யாமளா தன் கைகளுக்குத் தொட்டில் முடிச்சுப் போடத் தெரிந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். சிராஜின் இடுப்பில் ஒரு பெரிய சாவி, மணிக்கட்டில் கயிறு இறுகிய தழும்பு. தங்களுக்குள்ளேயே ஊகித்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஷ்யாமளா முந்தின வண்டியைப் பிடித்துச் சீக்கிரமே வர ஆரம்பித்தாள். அனந்தநாராயணன் அந்த வாரங்களில் சந்தோஷமாக இருந்தான். ஆபீஸில் கண்ணாடித் தடுப்புக்காரனுக்குக்கூட ஒரு நாள் குட் மார்னிங் சொன்னான்.

ஆட்டத்தின் நடுவில் காபி வரும். அந்த வீட்டில் காபி வருவதற்கு ஒரு முறை உண்டு. பாகீரதி அம்மாள் முதலில் வெங்கடராமனுக்கு டபரா டம்ளரில் நுரையோடு ஆற்றிக் கொண்டுவந்து கையிலேயே கொடுப்பாள். பிறகு பிள்ளைக்கு. மற்றதை அடுக்களை வாசற்படியில் வைத்துவிட்டு ஷ்யாமளாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். டபரா இல்லாத தன் டம்ளரை ஷ்யாமளாவே போய் எடுத்துக்கொண்டு, சிராஜுடையதையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சிராஜுக்குக் கண்ணாடி கிளாஸ். குடித்து முடித்ததும் அவனே பால்கனிக் குழாயில் கழுவி, கம்பிக்கு அந்தப் பக்கம் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். காக்காய் வந்து உட்காருகிற இடம். மூன்று வருஷமாக இப்படித்தான். யாரும் அதைப் பற்றிப் பேசினதில்லை. அனந்தநாராயணனுக்கு அது கண்ணில்கூடப் பட்டதில்லை. தண்ணீர் மேலிருந்து கீழே போவது போல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவன் காத்திருந்த ஞாயிறு வந்தது. அன்று ரகசியத்தை உடைப்பது என்று முடிவு. நல்ல சட்டை போட்டுக்கொண்டான். மூன்று பேரும் மண்டபத்தின் நடுவில் ஒரு சிலையின் முன் நிற்கிறார்கள், அது வாயைத் திறந்து ஒவ்வொருவரும் யாரென்று சொல்லப் போகிறது. அந்தக் குரலை அவன் குளியலறையில் பழகிக்கூட வைத்திருந்தான். அதற்குள் காபி வந்துவிட்டது. அதுவும் நல்லதுதான், கொஞ்சம் காக்க வைக்கலாம் என்று விட்டான்.

காபி குடித்துக்கொண்டே, சிலை சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிப் பார்ப்போமே என்றாள் ஷ்யாமளா. அனந்தநாராயணன் தாராளமாக என்று கை காட்டினான். வெங்கடராமன் மோதிரத்தை வைத்துக்கொண்டு தான் ஒரு நகை வியாபாரியாக இருக்கலாம் என்றான். ஷ்யாமளா தான் மருத்துவச்சி என்றாள். இரண்டும் தப்பு. அனந்தநாராயணன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. இவர்களுக்கு எங்கே போய்விடும் புத்தி?

சிராஜ் கண்ணாடி கிளாஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூணு பேரும் யாருன்னு எனக்குத் தெரியும் என்றான். பிறகு ஒவ்வொருவராகக் காட்டிச் சொன்னான். வெங்கடராமன் அந்தக் கோட்டை ராஜாவின் பிள்ளை, வாரிசு. ஷ்யாமளா அவனைத் தூக்கி வளர்த்த வேலைக்காரி. தான் கூலி வாங்கிக்கொண்டு எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட திருடன்.

மூன்றும் சரி. ஒரு நூல் பிசகவில்லை. அனந்தநாராயணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நோக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சாவி, மோதிரம் எதையும் நான் பாக்கல. காப்பி வாரதப் பாத்தேன்" என்றான் சிராஜ். குரலில் கோபமில்லை, விடுகதையை அவிழ்த்த குஷிதான் இருந்தது. "வெங்கட்டுக்கு டபராவோட கைக்கே வருது. அவன் ராஜா வீட்டுப் புள்ள. ஷ்யாமளா வாசப்படியில இருந்து தானே எடுத்துட்டு வாரா, எனக்கும் அவதான் கொண்டாந்து குடுக்கா. அவ ஆயா. எனக்குக் கண்ணாடி கிளாஸு, கழுவிக் கம்பிக்கு வெளிய கவுத்தணும். அப்ப வெளிய நின்னு கதவத் தொறந்துவிட்ட களவாணி வேற யாரு? நீ எங்க போயி யோசிச்சாலும் இந்த வீட்டுக்குள்ளதானல யோசிப்ப."

ஷ்யாமளா தன் டம்ளரைப் பார்த்தாள். வெங்கடராமன் டபராவை மேஜைக்குக் கீழே மறைத்துக்கொள்ள இடம் தேடுவது போலத் தவித்தான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்யலாம்? தலையைக் குனிந்துகொள்ளலாம். சிரித்து மழுப்பலாம். எழுந்துபோய்த் தானே கழுவி வைக்கிறேன் என்று அந்த கிளாஸை வாங்கிக்கொள்ளலாம். சாதாரண மனிதன் இதில் ஏதாவது ஒன்றைச் செய்திருப்பான். அனந்தநாராயணனுக்கு உறைத்ததோ வேறு. அவமானமே உறைக்கவில்லை, வாரக்கணக்காகக் கட்டிய புதிர் இப்படிக் குறுக்கு வழியில் உடைந்துபோன எரிச்சல்தான் உறைத்தது. சிலை வாயைத் திறப்பதற்கு முன்பே!

"அது ஆட்டத்துக்கு வெளியில இருக்கற விஷயம்" என்றான். "உன் கேரக்டர் காபி குடிக்கலே. அவனுக்கு இது தெரியறதுக்கு வழியே இல்லே. டைஸைப் போடு. பதினஞ்சுக்கு மேல விழுந்தாத்தான் நோக்கு ஞாபகம் வந்ததா அர்த்தம்."

சிராஜ் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று பார்த்தான் போலிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும் இருபது முகப் பகடையை எடுத்து உருட்டினான். நான்கு விழுந்தது.

"பாத்தியா" என்றான் அனந்தநாராயணன். "நோக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி" என்றான் சிராஜ். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

எழுந்து போனான். பால்கனியில் கிளாஸைக் கழுவினான். கவிழ்த்து வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். ஷ்யாமளா பையை எடுத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே போனாள். வெங்கடராமன் மட்டும் மிச்சக் காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினான். அந்தச் சமயத்திலும் அவன் காபியை வீணாக்கவில்லை, பாருங்கள்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆபீஸில் ஷ்யாமளா அவனைப் பார்த்தால் டிக்டேஷன் எடுக்கிற முகத்தோடு பார்த்தாள். அனந்தநாராயணன் முதலில் வீராப்பாக இருந்தான். போகட்டும், இவர்கள் போனால் உலகத்தில் ஆளா இல்லை? பாகீரதி அம்மாளும் அதையே சொன்னாள், நமக்குச் சரிப்பட்டு வராத மனுஷா என்று. ஆனால் மேஜையைத் துடைக்கிற பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. துடைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து பகடையை உருட்டினான். இருபது விழுந்தது. யாரிடம் சொல்வது? ராட்சஸனோடு பேரம் பேசுகிற அந்த உரத்த சிரிப்பு அந்த அறையில் இல்லாதது அவனுக்கு வலித்தது. வலித்ததும் அந்த வலிக்கும் சேர்த்து அவர்களையே திட்டினான்.

ஒன்றரை மாதம் கழித்து வெங்கடராமனைப் பூக்கடைத் தெருவில் மடக்கினான். வெங்கடராமன் தலைவலி என்றான், மச்சினன் வந்திருந்தான் என்றான், கடைசியில் மென்று விழுங்கி உண்மையைக் கக்கினான். அவர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாராவியில், சிராஜின் பட்டறைக்கு மேல் மாடியில். அதே மண்டபம், அதே மூன்று பேர், விட்ட இடத்திலிருந்து. சிராஜ் கதை சொல்கிறான். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் ஷ்யாமளா. வெங்கடராமன்கூட ஒரு வாரம் சொன்னானாம்.

புத்தகம் இல்லாமலா என்று கேட்டான் அனந்தநாராயணன். இல்லாமல்தான் என்றான் வெங்கடராமன். அந்த மூன்று பேரும் யாரென்று என்ன முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டான். அதை யாரும் கேட்கவே இல்லை, யாராக இருந்தால் என்ன, முதலில் வெளியே போகிற வழியைப் பார்ப்போம் என்று ஷ்யாமளா சொல்லிவிட்டாள் என்றான் வெங்கடராமன்.

அனந்தநாராயணனுக்குச் சிரிப்பு வந்தது. தன்னுடைய ரகசியம் இல்லாமல் அந்தக் கதையில் என்ன இருக்கிறது? வெறும் இருட்டும் தண்ணீரும். தோல் வெட்டுகிறவன் கதை சொல்கிறான், பாங்க்காரன் கதை சொல்கிறான்! இரண்டு வாரத்தில் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள், அப்போது தான் போய் நின்றால் காலில் விழாத குறையாகக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். ஒரு தடவை தான் கூட ஆடிக் காட்டினால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும், தன் நாற்காலி தன்னிடம் திரும்பி வந்துவிடும். அம்மாவிடம் லைப்ரரிக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு தாராவிக்கு நடந்தான். சாக்கடையைத் தாண்டும்போதெல்லாம் வேட்டியை ஒரு முழம் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

பட்டறையில் மெஷின்கள் ஓய்ந்திருந்தன. ஏணிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. மேலே, வெட்டின தோல்கள் அடுக்கிய சுவரோரம் பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் சிராஜின் மனைவி நஸீரா. அவளும் ஆடுகிறாள். பகடைக்குப் பதில் ஒரு தோல் பைக்குள் தம்போலா காய்கள், ஒன்று முதல் இருபது வரை. கையை விட்டு ஒன்றை எடுத்தால் அதுதான் எண்.

யாரும் அவனைத் துரத்தவில்லை. ஆச்சரியப்படவுமில்லை. நஸீரா வாங்கண்ணே என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டாள். ஷ்யாமளா தலையசைத்துவிட்டுக் கதைக்குத் திரும்பிவிட்டாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் பார்த்தான். சகிக்கவில்லை. நான்கு பேரும் போன வாரமே மண்டபத்தை விட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து, அக்கரையில் ஒரு சந்தையில் இருந்தார்கள். நஸீராவின் ஆள் யாரிடமோ கழுதை திருடியிருந்தது. அந்தக் கழுதைக்கு வெங்கடராமன் வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தான். விதி ஒன்றுகூடச் சரியில்லை. கோட்டைக்கு வடக்கே ஆறே கிடையாது, அங்கே மலை என்று அனந்தநாராயணன் சொன்னான். இப்ப ஆறு இருக்கு என்றாள் ஷ்யாமளா, திரும்பிப் பார்க்காமல். நாலு பேரும் கழுதை விஷயத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கு வாய்விட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. அவர்கள் நடுவில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதுதான் அதிகம்.

நான் ஆடலாமா என்று கேட்டுவிட்டான். கேட்கிற மாதிரியில்லாமல், போனால் போகிறது என்கிற மாதிரிக் கேட்டான்.

சிராஜ் உடனே சரி என்றான். புதிதாக யார் வந்தாலும் அந்த மண்டபத்தில்தான் கண் விழிக்க வேண்டும், இங்கே அது ஒன்றுதான் விதி, நஸீராவும் அப்படித்தான் வந்தாள் என்றான். அவளுக்கு வழி கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்றாம். உனக்கு அவ்வளவு ஆகாது, நீதானே அந்த மண்டபத்தைக் கட்டினவன் என்று சொல்லிச் சிரித்தான். குத்தலாகச் சொல்லவில்லை. அனந்தநாராயணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போது பார்க்கட்டும் என்று நினைத்தான்.

"நீ கண்ணு முழிக்க" என்றான் சிராஜ். "கல்லுத் தரை. ஈரம். கும்மிருட்டு. பேரு ஞாபகமில்ல. ஊரு, உத்தியோகம், படிச்ச படிப்பு, பெத்தவங்க மொகம், எதுவும் ஞாபகமில்ல. எங்கயோ தண்ணி சொட்டுது. என்ன செய்யுத?"

நாலு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையிலேயே ஆவலாகப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் இவர்கள் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் உதட்டைச் சுழித்தவன் அவன். சரியான பதில்கள் அவனுக்கு அத்துப்படி. சுவரைத் தடவு, சொட்டும் சத்தத்தைப் பின்தொடர், தூண்களை எண்ணு. எந்தத் தூணுக்குப் பின்னால் படி இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியும், அவன் வைத்த படிதான் அது. வாயைத் திறந்தான். ஆனால் பேரும் ஊரும் உத்தியோகமும் இல்லாமல் அந்த இருட்டில் எழுந்து நிற்கிற ஆள் எப்படிப் பேசுவான் என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனான். கடைசியில் வந்தது இதுதான்.

"என் மனுஷா எல்லாம் எங்கே?"

சிராஜ் பைக்குள் கைவிடவில்லை. இதற்குக் காய் எடுக்க ஒன்றுமில்லை. கண்ணை மூடி அந்த மண்டபத்தை மனசுக்குள் ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, உள்ளதைச் சொன்னான்.

"யாரும் இல்லயே, அனந்து."